மரத்தைவிட இரும்பு ஏன் அதிகமாகச் சில்லிடுகிறது?

ஒரே அறையில் இரவு முழுக்கக் கிடந்த இரும்புக் கம்பியையும் மரக்கட்டையையும் காலையில் தொட்டால், கம்பிதான் அதிகம் சில்லிடுகிறது. அதன் வெப்பநிலை குறைவா என்பது கேள்வி.

குறைவில்லை. வெப்பமானியை வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டும். ஏமாறுவது நம் கை.

தோலிலுள்ள நரம்பு முனைகள் உணர்வது தோலின் வெப்பநிலையைத்தான், தொடும் பொருளுடையதை அல்ல. உள்ளங்கை சுமார் 33 டிகிரி செல்சியஸ், அறை 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். எதைத் தொட்டாலும் கையிலிருந்து வெப்பம் பொருளுக்குப் போகும். இரும்பில் அது தொட்ட இடத்தில் தங்காமல் சட்டென்று உள்ளே பரவிவிடும். உலோகத்தில் எந்த ஓர் அணுவோடும் கட்டுண்டு கிடக்காத எலக்ட்ரான்கள் இருக்கின்றன. வெப்பத்தைப் பெரும்பாலும் சுமப்பவை அவைதான். (மின்சாரத்தைக் கடத்துபவையும் அவையே. தாமிரம் இரண்டிலும் கெட்டிக்காரன்.) இப்படிக் கை வெப்பத்தை வேகமாக இழப்பதால் தோல் குளிர்கிறது.

மரத்தில் அந்த எலக்ட்ரான்கள் கிடையாது. போதாததற்கு நுண்ணிய காற்றறைகள் வேறு. தொட்ட இடம் மட்டும் சூடாகிவிட, கையிலிருந்து வெப்பம் போவது மந்தமாகிறது. வெப்பம் கடத்துவதில் இரும்பு மரத்தைவிடப் பல நூறு மடங்கு மேல்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரே அளவான இரண்டு பனிக்கட்டிகளை ஒரு கனமான உலோகத் தட்டிலும் மரப்பலகையிலும் வையுங்கள். ‘குளிர்ந்த’ உலோகத்தின் மேல் இருப்பதுதான் முதலில் உருகும்! அப்புறம், வெயிலில் கிடந்த இரும்பு மரத்தைவிட அதிகமாகச் சுடுவதற்கும் இதே காரணம்தான். வெப்பம் போகும் திசை மட்டும் தலைகீழ்.