வீடில்லாத இளைஞர்களுக்கு முதலில் எது: வீடா, படிப்பா, வேலையா?

கேட்டவர் சொல்வது இது: நண்பர்கள் சிலர் சேர்ந்து, வீட்டை விட்டு வந்த அல்லது வயது முடிந்து காப்பகத்திலிருந்து வெளியேறும் 16 முதல் 24 வயதுப் பிள்ளைகளுக்காகப் பத்துப் படுக்கையோடு ஒரு விடுதி தொடங்கப் போகிறார்கள். படிக்கிறவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் மட்டும் இடம் தரலாமா, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறார்.

தங்குமிடத்தைப் படிப்போடும் வேலையோடும் முடிச்சுப் போடாதீர்கள். மற்ற எதில் சமரசம் செய்தாலும் இதில் செய்ய வேண்டாம்.

காரணம் எளிது. இந்த வயதில், இந்தப் பின்னணியில், முதல் வேலை நிலைப்பது அபூர்வம். சில வாரங்களில் போய்விடும். வேலை போனால் இடமும் போகும் என்று விதி இருந்தால், பையன் வேலை போனதைச் சொல்ல மாட்டான். காலையில் வழக்கமான நேரத்துக்குச் சீருடை போட்டுக்கொண்டு கிளம்புவான், எங்கேயாவது உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் வருவான். உங்களுக்குத் தெரியவரும்போது ஒரு மாதம் ஓடியிருக்கும், கையில் இருந்த காசும் தீர்ந்திருக்கும். முதல் நாளே சொல்லியிருந்தால் அடுத்த வாரமே வேறு வேலை தேடியிருக்கலாம். பொய் சொன்னான் என்று அவனைத் திட்டிப் பயனில்லை, அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது உங்கள் விதி.

இது யாரோ ஒருவரின் இளகிய மனசுக் கருத்து அல்ல. 1992-இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய ‘ஹவுசிங் ஃபர்ஸ்ட்’ முறையின் அடிப்படையே இதுதான்: முதலில் வீடு, மற்ற உதவிகள் அவரவர் ஒப்புதலோடு பிறகு. அது மனநலப் பிரச்சினை உள்ள, தெருவில் வாழ்ந்த பெரியவர்களுக்காக உருவானது. கனடாவில் அதை இளைஞர்களுக்கு ஏற்ப மாற்றி, குடும்பத்தோடு மீண்டும் உறவு, படிப்பு, வயதுக்கேற்ற தங்குமிடத் தேர்வு என்று சேர்த்தார்கள். பதினேழு வயதுப் பெண்ணைத் தனி ஃபிளாட்டில் விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வருவது யாருடைய முறையும் அல்ல.

எதிர்முனையில் ‘ஃபோயே’ மாதிரி உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரான்சில் வளர்ந்து, 1990-களில் பிரிட்டனுக்குப் போனது. தங்குமிடமும் பயிற்சியும் ஒரே ஒப்பந்தம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொழிற்கல்லூரி வளாகத்திலேயே நாற்பது பேருக்கு, இரண்டு ஆண்டு வரை தங்கிப் படிக்க என்று நடத்துகிறார்கள். படிக்கத் தயாராக இருக்கும் பிள்ளைக்கு அது நல்ல இடம்தான். ஆனால் அந்த மாதிரியை எடுத்தால், தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்தான் உதவுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மீதிப் பேரை “ஒத்துழைக்காதவர்” என்று நோட்டில் எழுதாதீர்கள்.

“சும்மா கொடுத்தால் சோம்பேறியாவார்கள்” என்று பின்னூட்டம் வரும் என்று தெரியும். சும்மா கொடுக்கச் சொல்லவில்லை. அடிதடி கூடாது, உள்ளே போதைப்பொருள் விற்கக் கூடாது, சம்பாதிக்க ஆரம்பித்தால் பங்கு கட்ட வேண்டும். எந்த வாடகைக்காரருக்கும் உள்ள விதிகள் இவை. வகுப்புக்கு மட்டம் போட்டதற்காக எந்த ஹவுஸ் ஓனரும் யாரையும் வெளியேற்றுவதில்லை.

சரி, முதல் வாரம். வந்த அன்றே பத்துப் பக்கப் படிவத்தை நீட்டாதீர்கள். சாப்பாடு, குளியல், மாற்றுத்துணி, போன் சார்ஜர், தூக்கம். கேட்க வேண்டியது நான்கு மட்டும்: எந்தப் பெயரில் கூப்பிடலாம், நேற்று எங்கே தூங்கினாய், யாராவது உன்னைத் தேடி வந்தால் பயப்பட வேண்டியிருக்குமா, தினமும் சாப்பிடும் மருந்து ஏதாவது உண்டா. “ஏன் வீட்டை விட்டு வந்தாய்” என்ற கேள்வி இப்போது வேண்டாம். பதினெட்டுக்குக் கீழ் என்றால், எதைக் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும் என்பதை அவர் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று உறுதி கொடுத்துவிட்டு மறுநாள் புகார் எழுதினால், அந்தப் பிள்ளை அடுத்த பத்து வருடத்துக்கு எந்தப் பெரியவரையும் நம்பாது.

தெருவில் இருந்தவர்கள் இரவில் விழித்திருந்து பகலில் தூங்கிப் பழகியவர்கள். இரவில் தூங்கினால் பொருள் போகும், அதைவிட மோசமானதும் நடக்கும். கட்டில் இருந்தும் தரையில், கதவைப் பார்த்த மாதிரி, செருப்பைக் கழற்றாமல் படுப்பதைப் பார்ப்பீர்கள். தலையணைக்கு அடியில் ரொட்டி இருக்கும். அதை எடுத்து வீசாதீர்கள், மூடி போட்ட டப்பா ஒன்று கொடுங்கள். முதல் இரண்டு வாரம் காலை ஒன்பது மணிக்கு எந்தச் சந்திப்பும் வைக்காதீர்கள். அறைக்கு உள்தாழ்ப்பாளும், பூட்டும் வசதியுள்ள அலமாரியும் கட்டாயம். பணம் குறைவென்றால் கட்டிலைக் குறைத்துக்கொள்ளுங்கள், பூட்டைக் குறைக்காதீர்கள்.

இரண்டாவது வாரத்தில் ஆவணங்கள். முகவரி இல்லாமல் அடையாள அட்டை கிடைக்காது, அடையாள அட்டை இல்லாமல் வாடகை ஒப்பந்தம் கிடைக்காது, அதாவது முகவரி கிடைக்காது. இந்த வட்டத்தை வெட்ட ஒரே இடம் உங்கள் அமைப்பின் முகவரி. கடிதப் போக்குவரத்துக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று லெட்டர்ஹெட்டில் சான்று கொடுக்க முடியுமா, அதை எந்தெந்த அலுவலகம் ஏற்கும் என்பதை விடுதி திறப்பதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். பிறப்புச் சான்று தொலைந்திருந்தால், பிறந்த மருத்துவமனைப் பதிவு, தடுப்பூசி அட்டை, முதலில் சேர்ந்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு என்று மிகப் பழைய பதிவிலிருந்து தேடுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பின்னால் தேர்வு, வங்கி, வேலை மூன்றிலும் இடிக்கும். பிறகு அவர் பெயரிலேயே சிம், அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு. பெற்றோரோடு கூட்டுக் கணக்கு வேண்டாம், சம்பளம் ஏறிய அன்றே காலியாகலாம். சிம் நண்பன் பெயரில் இருந்தால் ஓடிபி அவனுக்குப் போகும், நண்பனோடு சண்டை வந்தால் வங்கியும் போகும். அசல் ஆவணங்கள் உங்கள் லாக்கரில் இருக்கலாம், ஆனால் கேட்ட நிமிடம் கொடுத்துவிட வேண்டும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு “நடத்தை சரியானதும் தருகிறோம்” என்று சொல்லும் விடுதிகள் உண்டு. அது அப்பட்டமான அத்துமீறல்.

இதே சமயத்தில் கண், பல், காது மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். “படிப்பில் நாட்டமில்லை” என்று எழுதப்பட்டவர்களில் கரும்பலகை தெரியாதவர்கள் இருப்பார்கள். பல்வலி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் வேலையைக் கெடுக்கும். முன்பல் உடைந்தவர் நேர்முகத்தில் வாயைத் திறக்கவே தயங்குவார். ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி நடத்துவதைவிட இது மலிவு.

படிப்பைப் பொறுத்தவரை, இழந்த வருடங்களை எண்ணிப் பழைய வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். பதினேழு வயதுப் பையன் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு ஒரு வாரம்கூட உட்கார மாட்டான். முதலில் அவரால் சரளமாக வாசிக்க முடிகிறதா, பின்னமும் சதவீதமும் வருகிறதா என்று தனியாக, மதிப்பெண் போடாமல் பாருங்கள். இது தெரிந்தால் திறந்தநிலைப் பள்ளியா, தொழிற்பயிற்சியா, மூன்று நான்கு மாத இணைப்பு வகுப்பா என்பது தானே தெரிந்துவிடும். தினம் இரண்டு மணி நேரத்தில் தொடங்குங்கள். படிப்பை முறிப்பது பெரும்பாலும் பாடம் அல்ல. தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி, பஸ் காசு, மாற்றுச் சான்றிதழ். அமெரிக்காவில் 1987-இன் மெக்கின்னி-வென்டோ சட்டமும் அதன் திருத்தங்களும், வீடில்லாத மாணவரிடம் ஆவணம் இல்லாவிட்டாலும் உடனே பள்ளியில் சேர்க்க வேண்டும், பழைய பள்ளியிலேயே தொடர விரும்பினால் போக்குவரத்தும் தர வேண்டும் என்று வைத்திருக்கின்றன. உங்கள் பகுதியில் அப்படிச் சட்டம் இல்லையென்றால், தலைமை ஆசிரியரிடம் தற்காலிகச் சேர்க்கையாவது கேளுங்கள், சான்றிதழ்களுக்கு நாள் குறித்து எழுதிக் கொடுங்கள்.

வேலையில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: சேர்ந்த நாளுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவிலான முப்பது நாற்பது நாள். கறுப்பு ஷூ வாங்க வேண்டும், தினம் பஸ், மதியச் சாப்பாடு, போன் ரீசார்ஜ். கையில் காசில்லை. இருபதாம் நாள் நடந்து போவார், இருபத்திரண்டாம் நாள் போக மாட்டார். “பொறுப்பில்லை” என்று முதலாளி முடிவு செய்துவிடுவார். எனவே ஒவ்வொரு வேலைக்கும் முதல் மாதப் படி என்று பட்ஜெட்டில் தனியாக ஒதுக்குங்கள். வாராவாரம் கொடுங்கள், மொத்தமாக வேண்டாம். முதல் சம்பளம் வந்ததும் பாதி, அடுத்த மாதம் நிறுத்தம். இன்னொன்று, விடுதிக் கதவை இரவு எட்டரைக்குப் பூட்டினால் ஹோட்டல், கடை, கிடங்கு, டெலிவரி என்று இவர்களுக்கு எளிதில் கிடைக்கும் வேலைகளில் பாதியை நீங்களே பூட்டிவிட்டீர்கள். ஷிப்ட் சீட்டைக் காட்டினால் திறக்கும் ஏற்பாடு வேண்டும். முதலாளியிடம் பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டாம், பிள்ளை சம்மதித்தால் ஒழிய. மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், முதல் சம்பள நாள் மூன்றிலும் பிள்ளையோடு பேசுங்கள். வேலை போனால் அதை விசாரணையாக்காமல், அடுத்த விண்ணப்பம் அந்த வாரமே போகட்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் அப்படி. நாள் கிழமை என்றால் கேமராவோடு வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள். பையன் பையை வாங்கிக்கொள்ளும் படம் இணையத்தில் ஏறிவிடும். மூன்று வருடம் கழித்து வேலைக்கு எடுப்பவர் பெயரைத் தேடினால் அதுதான் முதலில் வரும். ஓடி வந்த பெண்ணின் முகவரியை வீட்டில் அடித்தவரே அந்தப் படத்தின் பின்னணிச் சுவரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும். “முகத்தை மறைத்துவிட்டோமே” என்பார்கள். சட்டையும் சுவரும் மறையவில்லையே. கிழிந்த துணி மூட்டையை இறக்கிவிட்டு ஊக்க உரை ஆற்றுகிறவர்களும் இதே பட்டியல்தான். அவர்களிடம் இரண்டு மாதத்துக்கான பஸ் பாஸ் கேட்டுப் பாருங்கள், போனை எடுக்க மாட்டார்கள்.

விடுதியிலிருந்து தனி வீட்டுக்குப் போகும் கட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் பல அமைப்புகள் சாவி கொடுக்கும் நாளை வெற்றி என்று எண்ணிப் பணத்தை அதற்கு முன்பே செலவழித்துவிடுகின்றன. சிக்கல் அதற்குப் பிறகுதான். முதல் சிக்கல் விருந்தாளிகள். தெருவில் கூட இருந்து காப்பாற்றிய நண்பன் “ஒரு ராத்திரி” என்று வருவான். மறுப்பது துரோகம். ஒன்று மூன்றாகும், சத்தம் வரும், ஹவுஸ் ஓனர் காலி செய்யச் சொல்வார். இதற்கு நீங்கள் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ள வேண்டும்: இரண்டு இரவுக்கு மேல் வெளியாள் தங்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, “நான் வேண்டாங்கலடா, அந்த ஆபீஸ்காரங்க ஒத்துக்க மாட்டாங்க” என்று அவர் சொல்ல வழி செய்யுங்கள். கூடவே உங்கள் விடுதியின் காத்திருப்பு வரிசையில் அந்த நண்பனுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

இரண்டாவது தனிமை. விடுதிச் சத்தத்துக்குப் பழகியவர் தனி அறையில் இரவு முழுக்க விளக்கு எரியவிடுவார், பிறகு மெல்ல அங்கே போவதையே குறைப்பார். முதல் மாதம் இருவர் சேர்ந்த வீடு பலருக்கு ஒத்துவரும், ஆனால் ஒரே பிரச்சினையிலிருந்து மீளும் இருவரைச் சேர்க்காதீர்கள். ஒப்பந்தம் முதலில் அமைப்பின் பெயரில், ஆறு மாதம் வாடகை ஒழுங்காகப் போனதும் அவர் பெயருக்கு. அவர் கட்டும் பங்கு சிறியதாகத் தொடங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடட்டும். அதில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்து, அடுத்த வீட்டு அட்வான்ஸாகத் திருப்பிக் கொடுக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாத வாடகை அளவு பழுதுபார்ப்புப் பணம் வையுங்கள். ஹவுஸ் ஓனர் கேட்பது நல்ல பையனை அல்ல, இரவு பதினோரு மணிக்கு எடுக்கும் ஒரு போன் எண்ணை.

சாவிக்குப் பிறகான துணைக்கு, நியூயார்க்கில் எஸ்ரா சசர் குழுவினர் வடிவமைத்த ‘கிரிட்டிகல் டைம் இன்டர்வென்ஷன்’ நல்ல சட்டகம். மொத்தம் ஒன்பது மாதம், மும்மூன்று மாதமாக மூன்று கட்டம். முதலில் அடிக்கடி போவது. அடுத்து, அவர் தானே சமாளிப்பதைப் பார்த்துச் சரிசெய்வது. கடைசியில் அக்கம்பக்கம், உறவினர், மருத்துவமனை, சக ஊழியர் என்று கைமாற்றிவிட்டு விலகுவது. ஒன்பது மாதமும் ஒரே ஊழியர். ஆள் மாறினால் பிள்ளை தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், சொல்ல மாட்டார். ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரிடம் அல்லாமல் காப்பகத்திலோ வேறு குடும்பத்திலோ பிள்ளைகள் வளர்வது) வழிகாட்டுதல்களும், வெளியேறும் பிள்ளைக்கு இயன்றவரை ஒரு குறிப்பிட்ட ஆளை ஒதுக்கச் சொல்கின்றன, தயாரிப்பை வெளியேறுவதற்கு வெகு முன்பே தொடங்கச் சொல்கின்றன. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் அல்ல.

இப்போது உங்கள் பத்துப் படுக்கைக்கு வருகிறேன். ஓர் ஊழியர் எட்டுப் பேருக்கு மேல் உருப்படியாகப் பார்க்க முடியாது, அந்த எட்டில் விடுதியை விட்டுப் போனவர்களும் அடக்கம். பத்துப் படுக்கை என்றால் ஒரு வருடத்தில் உள்ளே பத்து, வெளியே பத்து. ஆக உங்களுக்கு இரவுக் காவலைத் தவிர்த்து முழுநேர ஊழியர் மூன்று பேர் தேவை. அதற்குப் பணமில்லை என்றால் நான்கு படுக்கையில் தொடங்குங்கள், ஐந்தாவது ஒன்றைக் காலியாக வையுங்கள். போனவர்களில் சிலர் திரும்பி வருவார்கள், பெரும்பாலும் பண்டிகை விடுமுறையில், அலுவலகம் பூட்டியிருக்கும் நாளில். அன்று போன் எடுப்பது யாருடைய முறை என்று திறப்பதற்கு முன்பே அட்டவணை போட்டுவிடுங்கள்.