கார்பெட்டில் சிங்கிள் டிஸ்க் மெஷின் ஓட்டலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கார்பெட்டைக் கழுவி உறிஞ்சி எடுப்பதற்கு முன்னால் சிங்கிள் டிஸ்க் மெஷினால், அதாவது அடியில் ஒரே ஒரு வட்ட பிரஷ் சுழலும் மெஷினால், தேய்ப்பது பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: தரை தேய்க்கிற மெஷின்தானே அது? கார்பெட்டில் விட்டால் நாசமாகிவிடாதா சார்?

பதில்: மெஷினின் வேகம், பிரஷ், கார்பெட்டின் வகை, இந்த மூன்றும் பொருந்தினால் ஒன்றும் ஆகாது. நிமிடத்துக்கு 175 சுற்று ஓடும் சாதாரண மெஷின், கார்பெட்டுக்கென்றே வரும் மென்மையான நைலான் பிரஷ், அலுவலகங்களில் ஒட்டியிருக்குமே அந்தக் குட்டையான லூப் கார்பெட் (நூல் வெட்டப்படாமல் வளையம் வளையமாக இருப்பது) என்றால் தைரியமாக ஓட்டுங்கள். தரைக்குப் பளபளப்பு ஏற்ற 1,500 சுற்றுக்கு மேல் ஓடுகிற மெஷினைக் கார்பெட் பக்கமே கொண்டுவர வேண்டாம். சிமென்ட் தரைக்குப் போடும் முரட்டு பிரஷ்ஷும் அப்படித்தான்.

கேள்வி: ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டாலே அழுக்கு விட்டுவிடும் என்கிறார்களே, எதற்கு இந்த வேலை?

பதில்: விடும், ஆனால் அரைகுறையாக. ஸ்ப்ரே பெரும்பாலும் நூலின் நுனியில்தான் விழும். பக்கவாட்டிலும் அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு வரை அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பிரஷ்ஷின் வேலை. சுத்தம் செய்வதற்கு மருந்து (அதாவது ஸ்ப்ரே அடிக்கும் ரசாயனம்), சூடு, நேரம், உராய்வு என்று நான்கு இருக்கிறது, ஒன்று குறைந்தால் இன்னொன்றைக் கூட்டிக்கொள்ளலாம். கார்பெட்டில் மருந்தைக் கூட்டினால் பிசுபிசுப்பு தங்கும், சூட்டைக் கூட்டினால் சில நூல்கள் தாங்காது, ஆக கூட்டுவதற்குத் தோதாக மிஞ்சுவது உராய்வு.

அப்புறம் இதை மறந்துவிடாதீர்கள்: மெஷின் அழுக்கைப் பெயர்த்துத்தான் விடுகிறது, வெளியே எடுப்பதில்லை. தேய்த்துவிட்டு உறிஞ்சாமல் விட்டால், காயக் காய அடியில் இருக்கும் அழுக்கு நூல் வழியாக மேலே ஏறி மறுபடி கறையாகத் தெரியும்.

கேள்வி: வரிசை என்ன அண்ணா? ஸ்ப்ரே முதலா, மெஷின் முதலா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் வாக்குவம். இதைத்தான் எல்லாரும் அவசர அவசரமாக முடிக்கிறார்கள், எனக்கு எரிச்சலே இதில்தான். கார்பெட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி காய்ந்த மண்ணும் தூசியும்தான், ஈரம் படாதவரை அது சும்மா வரும், ஈரம் பட்டால் சேறு. மெஷின் ஓட்டுகிற நேரத்தைவிட வாக்குவம் போடுகிற நேரம் அதிகமாக இருந்தால் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். பிறகு ஸ்ப்ரே, உடனே மெஷின், மொத்தமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறல், அதற்குள் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வெந்நீர் விட்டு உறிஞ்சல்.

கேள்வி: வீட்டு ஹாலில் மெத்தென்ற கார்பெட். ஓட்டினதும் வட்ட வட்டமாகத் தடம் விழுந்துவிட்டது. போகுமா?

பதில்: நூல்கள் வெறுமனே வெவ்வேறு பக்கம் சாய்ந்திருந்தால் போகும். ஈரமாக இருக்கும்போதே கார்பெட் சீப்பால் ஒரே திசையில் வாரிவிடுங்கள். நுனியில் முறுக்கே பிரிந்து பஞ்சு மாதிரி ஆகியிருந்தால் திரும்பி வராது. உங்களுடையது மாதிரி நுனி வெட்டப்பட்ட, மெத்தென்ற கார்பெட்டில் சுழலும் பிரஷ்ஷுக்கு இருக்கும் பிரச்சினையே இதுதான், வட்டமாகச் சுற்றுவதால் முறுக்கைப் பிரித்துவிடும். அந்த வகைக்கு எதிரெதிர்த் திசையில் உருளும் இரட்டை உருளை பிரஷ் மெஷின்தான் என் தேர்வு, அது நூலைத் தூக்கிவிடும், முடியையும் சேர்த்து எடுக்கும்.

கேள்வி: கம்பளி?

பதில்: வேண்டாம். ஈரம், சூடு, உராய்வு மூன்றும் சேர்ந்தால் கம்பளி திரண்டு கெட்டியாகிவிடும். கையால் மெல்ல பிரஷ் போடுங்கள், பிஎச் 8.5-ஐத் தாண்டாத மருந்தாகப் பாருங்கள்.

கேள்வி: என் கார்பெட் என்ன நூல் என்றே தெரியவில்லை.

பதில்: கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சிறு நூலைக் கத்தரித்து, தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழ் போக அழுத்திவிடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூல். நைலான், பாலியெஸ்டர், கம்பளி எல்லாம் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் கறை பிடிக்காது, ஆனால் எண்ணெயை விடாது, சூட்டுக்கும் சீக்கிரம் உருகும். அதனால் காய்ந்த இடத்தில் மெஷினை ஒரே புள்ளியில் நிறுத்திச் சுற்றவிடக் கூடாது. நூலின் வகை தெரிந்தாலும் சாயம் பற்றித் தெரியாது, ஆகவே மருந்தில் நனைத்த வெள்ளைத் துணியால் ஓரமாக ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: மெஷின் என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பலமாகப் பிடித்தும் நிற்கவில்லை!

பதில்: பலம் வேலைக்கு ஆகாது, உயரம்தான் விஷயம். கைப்பிடியை இடுப்பளவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுத் தூக்கினால் வலது பக்கம் போகும், சற்று இறக்கினால் இடது பக்கம். முதலில் வழவழப்பான ஈரத் தரையில் பழகுங்கள், கார்பெட்டில் இழுவை அதிகம். ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு, பிளக் இருக்கும் பக்கத்திலிருந்து விலகி விலகிப் போகாமல் அதை நோக்கிப் பின்வாங்கினால் ஒயர் பிரஷ்ஷில் சிக்காது.

கேள்வி: பஞ்சுப் பேட் போட்டு ஓட்டினால் அதுவே அழுக்கை எடுத்துவிடுமாமே, உறிஞ்ச வேண்டியதில்லையா?

பதில்: மேல் அழுக்கை எடுக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். பேட் நிறைந்ததும் திருப்பிப் போடாமல் ஓட்டினால் எடுத்ததையே இன்னோர் இடத்தில் பூசிவிடும். இடைப்பட்ட நாட்களில் பராமரிப்புக்குச் சரி, ஆழமான சுத்தத்துக்கு அது மாற்றாகாது.

கேள்வி: சுவர் ஓரம், இணைப்பு இடமெல்லாம்?

பதில்: ஓரங்களுக்குக் கை பிரஷ்தான், வட்ட பிரஷ் மூலைக்குள் போகாது. இணைப்புகளை மெஷின் ஏற்றுவதற்கு முன்பே குனிந்து பாருங்கள். நூல் பிரிந்திருந்தாலோ கார்பெட் மேடாகப் புடைத்திருந்தாலோ அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், ஒரு கண்ணி சிக்கினால் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வரும்.