மரக்காணம் போகும் முன்: பறவை பார்க்க வருகிறவர்கள் கேட்டவை

ஜனவரி கடைசி ஞாயிறு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம், அதை ஒட்டிய கழுவேலி ஏரி வரை போய் இரவுக்குள் திரும்புகிறோம். வேன் நிரம்பிவிட்டது. பெயர் கொடுத்தவர்கள் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, 4 மணிக்கே கிளம்பணுமா? முட்டுக்காடு, கேளம்பாக்கம் எல்லாம் வழியிலதானே இருக்கு. அதைப் பார்த்துட்டு மெதுவா மரக்காணம் போனா என்ன?

வெயில்தான் காரணம். கழுவேலி நமது சாலைக்கு மேற்கே கிடக்கிறது. காலையில் சாலைப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஒவ்வொரு இறகும் துலங்கும். அதே இடத்துக்கு மாலையில் போனால் எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல். அதனால் 120 கிலோமீட்டர் தள்ளி இருப்பதை முதலில் முடித்து, வடக்கே திரும்பி வருவோம். நடுவில் முதலியார்குப்பத்தில் ஓதியூர்க் காயல். மாலையில் முட்டுக்காட்டுப் பாலத்தருகே நின்று கிழக்கே முகத்துவாரத்தைப் பார்ப்போம். அப்போதும் வெயில் முதுகில்தான். ஆலாக்களும் கடற்காகங்களும் மணல்திட்டில் இறங்கும் நேரமும் அதுதான்.

கடலோட ஏற்றம் வற்றம் பார்த்துப் போகணும்னு வெளிநாட்டுக்காரங்க சொல்றாங்களே, நாம பார்க்க வேண்டாமா?

அவர்கள் கடற்கரையில் கடல் பல மீட்டர் ஏறி இறங்கும். இங்கே பெரிய ஏற்றத்திலும் ஒரு மீட்டர் அளவுதான். நமக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு: வடகிழக்குப் பருவமழை எவ்வளவு பெய்தது, முகத்துவாரம் திறந்திருக்கிறதா மணலால் அடைபட்டிருக்கிறதா. டிசம்பரில் கழுவேலி நிறையத் தண்ணீர் நிற்கும். வாத்துகளுக்குக் கொண்டாட்டம், சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்குக் கால் ஊன்ற இடமில்லை. ஜனவரியில் ஓரம் வற்றிச் சேறு தெரிய ஆரம்பித்ததும் அவை வந்து இறங்கும். கோடையில் ஏரியின் பெரும்பகுதி வெறும் தரை. இந்தத் தேதியைப் பிடித்ததே அதற்காகத்தான்.

பூநாரை கட்டாயம் தெரியுமா சார்? குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்.

வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்! ஆழமில்லாத தண்ணீரில் நின்று, தலையைக் கவிழ்த்து அலகால் வடிகட்டித் தின்னும் பறவை அது. தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் இடம் மாறிவிடும். பூநாரை மட்டும்தான் வேண்டுமென்றால் பழவேற்காட்டுக்கு ஒரு தனி நாள் போடலாம்.

சேத்துல ஓடுற சின்னச் சின்னப் பறவை எல்லாமே ஒண்ணு மாதிரி தெரியுது. எப்படித்தான் பிரிச்சுச் சொல்றீங்க?

எனக்குப் பிடித்த கேள்வி. நிறத்தை மறந்துவிடுங்கள். குளிர்காலத்தில் இவை எல்லாம் மேலே சாம்பலும் பழுப்பும், கீழே வெள்ளையும்தான். முதலில் நடையைப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. கண் பெரிது, அலகு குட்டை. பார்த்துப் பிடிக்கிற வேட்டை. தலை நிமிராமல் தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே போனால் உள்ளான் கூட்டம். அவற்றில் சிட்டுக்குருவி அளவில், கறுப்புக் காலோடு இருப்பது பெரும்பாலும் கொசு உள்ளான். ஆர்க்டிக் கரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருவது. கால் மஞ்சள் கலந்த பச்சையாக இருந்து, ஓரமாகப் பதுங்கிப் பதுங்கி நடந்தால் அதன் உறவுக்காரரான டெமின்க் உள்ளான்.

அடுத்து, பறக்கும்போது பாருங்கள். உள்ளானைவிடப் பெரிய இரண்டு சேற்றுப் பறவைகளை எடுத்துக்கொள்வோம். சிவப்புக் கால் கொண்ட பவளக்காலிக்கு இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை. பச்சைக்காலிக்கு இறக்கை முழுக்கக் கருமை, முதுகில் மட்டும் ஆப்பு வடிவில் வெள்ளை ஏறும். இரண்டு நொடி போதும். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. "ஏதோ உள்ளான்" என்று எழுதினாலும் அது நேர்மையான பதிவுதான்.

10 மடங்கு பைனாகுலர் வாங்கட்டுமா, 8 மடங்கா?

8x42, அதாவது எட்டு மடங்கு, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்தில் கை நடுக்கமும் பத்து மடங்கு. தூரத்துக்கு என்னிடம் ஸ்கோப் (முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி) இருக்கிறது, வரிசையில் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் சேற்றின் மேல் கானல் ஆடத் தொடங்கினால் எந்தக் கண்ணாடியும் உதவாது. அந்த நேரத்தைத்தான் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

அக்கா யாராவது வர்றாங்களா? கழிப்பறை வசதி எப்படி?

பெண்கள் ஐந்து பேர் வருகிறார்கள். ஏரிக்கரையிலும் மரக்காணம் உப்பளத்திலும் எதுவும் கிடையாது. பெட்ரோல் பங்குகளில் நிறுத்துவோம், கேட்காமலே நிறுத்துவோம். வழிகாட்டிகள் பலர் இதைத் திட்டத்தில் சேர்ப்பதே இல்லை. அப்புறம் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள்.

கூட்டமா பறக்குற படம் வேணும். கை தட்டினா எழும்பும்ல? ட்ரோன் கொண்டு வரலாமா?

இரண்டும் கூடாது. கழுவேலி 2021 முதல் சரணாலயம், 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சட்டம் இருக்கட்டும், அந்தப் பறவைகள் ஏப்ரலுக்குள் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்ப வேண்டும். நாம் எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவாகிறது. மேய்வதை நிறுத்தித் தலை தூக்கி எல்லாம் ஒரே பக்கம் நகர ஆரம்பித்தால் நாம் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள், அல்லது பின்னால் வாருங்கள். பொறுமையாக இருந்தால் ஒரு செம்பருந்து வந்து கூட்டத்தை எழுப்பி உங்களுக்கான படத்தை எடுத்துக் கொடுக்கும்.

உப்புப் பாத்தி வரப்பு ஒருவருடைய வேலையிடம். கேட்டுவிட்டு ஏறுங்கள், ஓரம் உடையாமல் நடங்கள்.

காலில் வளையம் மாட்டின பறவையைப் பார்த்தா?

எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து ஏதும் உண்டா என்று குறித்துக்கொண்டு ஒரு படம் எடுங்கள், மங்கலானாலும் பரவாயில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதினால் எங்கே மாட்டியது என்று தெரிய வாய்ப்புண்டு. கோடியக்கரையில் அவர்கள் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறார்கள்.

ஈபேர்டில் (பறவைப் பட்டியல் பதிவு செய்யும் இணையதளம்) நாள் முழுக்க ஒரே பட்டியல் போட்டா போதுமா?

போதாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பட்டியல், 15 நிமிடத்துக்குக் குறையாமல். ஒருவர் போட்டு மற்றவர்களுக்குப் பகிரட்டும்.

மதியம் மீன் குழம்பு உண்டா?

உண்டு. காலை டிபன் மட்டும் அவரவர் பையில்.