பேட்டரியில் மிச்சம் எவ்வளவு? சோலார் கேள்வி-பதில்

மின் இணைப்பு எட்டாத இடத்தில் சோலார் வைத்து வாழ்பவர்களின் கேள்விகள் இவை. கேட்கும் விதம்தான் வேறு. மீட்டர் காட்டுவதை நம்பலாமா என்பதுதான் பெரும்பாலும் அடியில் இருக்கும் சந்தேகம்.

கேள்வி: மதியம் 14.2 வோல்ட் காட்டுகிற 12 வோல்ட் பேட்டரி, இரவில் லோடு போட்ட அரை மணியில் 12.3 ஆகிவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா?

அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். மதியம் நீங்கள் பார்த்தது, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கண்ட்ரோலர் தள்ளுகிற வோல்டேஜ். இரவில் பார்த்தது லோடு இழுப்பதால் அமுங்கிப்போன வோல்டேஜ். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை இரண்டுமே சொல்லாது. சார்ஜும் ஏறாமல், லோடும் இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஓய்வாக இருந்த பேட்டரியை அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் அப்போது 12.7 என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால், 11.8க்குப் போய்விட்டால் காலி. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஏஜிஎம் வகையில் இவை சற்றுக் கூடுதலாக இருக்கும்.

ஆள் குடியிருக்கிற வீட்டில் மூன்று மணி நேரம் எல்லாவற்றையும் அணைத்துவைக்க யாரால் முடியும்? அதனால் நான் சொல்வது, வெயில் வருவதற்கு முன் விடியற்காலையில் பாருங்கள். ஓடுவது ஒன்றிரண்டு ஆம்ப் லோடு மட்டும் என்றால் அதுவே போதும். தினமும் அதே நேரத்தில் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு நாள் எண்ணைவிட, வாரக்கணக்கில் அது இறங்கிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று: அளப்பதற்காக இணைப்பைக் கழற்றுவதானால் முதலில் பேனலைக் கழற்றுங்கள். பேனல் இணைந்திருக்கும்போதே பேட்டரியைப் பிடுங்கினால் சில கண்ட்ரோலர்கள் புகைந்துவிடும்.

கேள்வி: இன்வெர்ட்டரில் நான்கு கோடு காட்டுகிறதே, அது போதாதா?

போதாது. அது பெரும்பாலும் வோல்டேஜை வைத்துப் போடும் கோடுதான். மோட்டார் ஓடும்போது ஒரு கோடு, நின்றதும் மூன்று கோடு. பானையைத் தட்டிப் பார்த்துத் தண்ணீர் அளவு சொல்வது மாதிரி.

கேள்வி: ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டர் வாங்கி மாட்டினேன். எப்போதும் 100 சதவீதம் என்கிறது, ஆனால் நடு ராத்திரியில் இன்வெர்ட்டர் கட் ஆகிறது.

பத்துக்கு எட்டு பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். நானும் என் முதல் வேலையில் வழுக்கியவன்தான். ஷன்ட் என்பது மிகக் குறைந்த மின்தடை உள்ள ஓர் உலோகத் துண்டு. 500 ஆம்ப் ஷன்டில் முழு மின்னோட்டம் போனாலும் 50 மில்லிவோல்ட்தான் விழும். அதை வைத்துத்தான் மானிட்டர் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் எண்ணுகிறது. தன் வழியாகப் போகாத மின்னோட்டம் அதற்குத் தெரியவே தெரியாது. நான் அன்று கண்ட்ரோலரின் நெகடிவை ஷன்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, இன்வெர்ட்டரின் நெகடிவை நேராக பேட்டரி முனையில் முடுக்கிவிட்டேன். மானிட்டர் வரவை மட்டும் எழுதியது, செலவை எழுதவில்லை. அப்புறம் எப்படி இருப்பு குறையும்?

பேட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து ஷன்டுக்குப் போகும் கேபிள் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்ற எல்லா நெகடிவும் ஷன்டின் மறுபக்கத்தில்தான். சரிபார்ப்பது சுலபம்: பேனலை நிறுத்திவிட்டு 100 வாட் பல்பு ஒன்றை இன்வெர்ட்டரில் போடுங்கள். 12 வோல்ட் அமைப்பில் மைனஸ் 9 அல்லது 10 ஆம்ப் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால் இன்வெர்ட்டர் ஷன்டைத் தாண்டி ஓடுகிறது. பிளஸ் காட்டினால் ஷன்டைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள்.

வயரிங் சரி என்றால் அடுத்தது செட்டிங். லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து 50 ஆம்ப்-அவர் (ஒரு ஆம்ப் வீதம் 50 மணி நேரம் ஓடுகிற அளவு) எடுத்தால், திருப்பி நிரப்ப 55 முதல் 60 வரை வேண்டும். சார்ஜ் திறன், அதாவது ஏற்றியதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது, 100 சதவீதம் என்று செட் செய்திருந்தால் மானிட்டர் 50லேயே 'நிறைந்தது' என்று சொல்லிவிடும். 85 அல்லது 90 என்று வையுங்கள். லித்தியத்துக்கு 99.

இப்படி எவ்வளவு கவனமாக வைத்தாலும் எண்ணிக்கையில் பிசகு சேரத்தான் செய்யும். அதனால் ஒவ்வொரு முறை பேட்டரி நிஜமாக நிறையும்போதும் மானிட்டர் தன் கணக்கை 100க்குத் திருத்திக்கொள்ளும். வோல்டேஜ் உச்சத்துக்கு அருகில் இருந்து, ஏறும் மின்னோட்டமும் மிகக் குறைந்துவிட்டால் 'நிறைந்தது' என்று அது எடுத்துக்கொள்ளும். 14.4 வரை ஏற்றும் 150 ஆம்ப்-அவர் பேட்டரிக்கு வோல்டேஜ் 14.2, மின்னோட்டம் பேட்டரி அளவில் 4 சதவீதம், அதாவது 6 ஆம்ப் என்று வைக்கலாம். இங்கே சோலாருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒரு மேகம் கடந்தால் மின்னோட்டம் சட்டென்று விழும், வோல்டேஜ் இறங்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் மானிட்டர் ஏமாந்து 100 போட்டுவிடும். மின்னோட்ட வரம்பை 2 சதவீதமாகக் குறைத்து, காத்திருக்கும் நேரத்தைச் சில நிமிடம் கூட்டுங்கள். தொடர்ந்து பத்து நாள் வெயில் இல்லாமல், ஒரு முறைகூட நிறையாமல் இருந்தால் மானிட்டர் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன்.

கேள்வி: லித்தியத்துக்கு மாறிவிட்டேன். காலை மாலை எப்போது பார்த்தாலும் 13.2 வோல்ட்தான். மீட்டர் பழுதா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டின் குணமே அது. 40 சதவீதத்துக்கும் 70க்கும் இடையில் வித்தியாசம் 0.1 வோல்ட் இருந்தாலே அதிகம். கேபிளில் விழும் வோல்டேஜே அதை விழுங்கிவிடும். கடைசி ஓரத்துக்கு வந்த பிறகுதான் மடமடவென்று இறங்கும். இதற்கு வோல்ட்மீட்டர் உதவாது, எண்ணுகிற கருவிதான் வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு உள்ளே செல்களைக் காக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் போனில் காட்டும் சதவீதமும் அப்படி எண்ணியதுதான். ஆனால் பல பிஎம்எஸ்கள் அரை ஆம்ப், ஒரு ஆம்ப் மாதிரி சின்ன மின்னோட்டத்தைக் கவனிப்பதில்லை. இரவெல்லாம் எரியும் ஒரு சின்ன விளக்கும் ரவுட்டரும் கணக்கில் வராமலே போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது முழுதாக ஏற்றுங்கள், கணக்கும் நேராகும், செல்களும் சமமாகும்.

கேள்வி: ஹைட்ரோமீட்டர் எல்லாம் பழைய காலத்துச் சாமான் இல்லையா?

பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி அது. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி வைத்திருப்பவருக்கு அதைவிட நேர்மையான கருவி இல்லை. நிறைந்த நிலையில் 1.265 அளவில் காட்டும் பேட்டரி, பாதியில் 1.190 பக்கம் வரும். சில டியூபுலர் பேட்டரிகளுக்கு நிறைவே 1.240தான், தயாரிப்பாளர் தாளைப் பாருங்கள். ஹைட்ரோமீட்டருக்குக் குறித்த வெப்பநிலையைவிட அமிலம் 10 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக இருந்தால் 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள், கலந்திருக்காது. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாக நின்றால் அந்த செல்லில் கோளாறு. இதை எந்த ஷன்டும் சொல்லாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கேள்வி: ஐந்து வருடப் பழைய 150 ஆம்ப்-அவர் பேட்டரி. மானிட்டரில் 60 சதவீதம் இருக்கும்போதே கட் ஆகிறது.

வயதானது மானிட்டருக்குத் தெரியாது. நீங்கள் அன்று அடித்துக்கொடுத்த 150ஐயே இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறது. முழுதாக ஏற்றி, 7 அல்லது 8 ஆம்ப் லோடில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஓய்வில் 12.2 வரும்போது எத்தனை ஆம்ப்-அவர் வெளியே போயிருக்கிறது என்று பாருங்கள். 50 என்றால் உங்கள் பேட்டரி இன்று சுமார் 100தான். மானிட்டரில் அதைப் போடுங்கள். முழுதாகக் காலி செய்து சோதிப்பது இன்னும் துல்லியம்தான், ஆனால் கிழவனை ஓடவிட்டு மூச்சு பார்ப்பது மாதிரி. நான் செய்ய மாட்டேன்.

கேள்வி: அலாரத்தை எத்தனை சதவீதத்தில் வைப்பது?

லெட் ஆசிட் 50க்குக் கீழே அடிக்கடி போகக் கூடாது, லித்தியம் 20 வரை தாங்கும். ஆனால் அலாரத்தை அதே எண்ணில் வைக்காமல் 60, 30 என்று வையுங்கள். அது கத்தி, நீங்கள் எழுந்து வந்து பிரிட்ஜை அணைப்பதற்கும் நேரம் வேண்டுமே.