கதவு மோல்டிங்கை நெம்பாதீர்கள், அறுத்தெடுங்கள்

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். முந்தைய உரிமையாளர் நான்கு கதவுகளிலும் உரசல் படாமலிருக்க ஒட்டிய நீளப் பட்டையான கறுப்பு மோல்டிங்கின் முனைகள் எழும்பி, உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கிறது. பத்தே நிமிடத்தில் நெம்பி எடுத்துவிடலாம் என்கிறார் அக்சஸரி கடைக்காரர். கழற்றினால் கதவு முழுவதற்கும் பெயிண்ட் அடிக்க வேண்டிவரும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டியதில்லை. முதலாமவர் சொன்னபடி செய்தால் இரண்டாமவர் சொன்னது நடந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை. திருப்புளியைச் செருகி நெம்பும்போது விசை முழுவதும் அது ஊன்றியிருக்கும் ஒரே இடத்தில் பெயிண்டின் மேல் இறங்குகிறது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்டின் அடுக்குகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் இருக்கும்; ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட வராது. திருப்புளி முனையில் துணியைச் சுற்றிக்கொண்டால் போதும் என்பார்கள். துணி கீறலைத் தடுக்கலாம்; தகட்டில் விழும் குழியைத் தடுக்காது.

மோல்டிங்கைப் பிடித்திருப்பது இரட்டைப் பக்க ஒட்டு நாடா. அதன் இரு முகங்களிலும் பசையும் நடுவில் ஸ்பாஞ்சு போன்ற ஓர் அடுக்கும் இருக்கின்றன. நாம் செய்ய வேண்டியது அந்த நடு அடுக்கை அறுப்பது மட்டுமே. முதலில் கதவை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள், ஏனெனில் மோல்டிங்கின் ஓரத்தில் தங்கியிருக்கும் மணல் துகள்கள்தாம் பிறகு உப்புத்தாள் போலத் தேய்க்கும். மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் அசைத்துச் சூடாக்குங்கள். புறங்கையை வைத்தால் சூடு உறைக்க வேண்டும், ஆனால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும்படி இருக்கக் கூடாது. வேலை சீக்கிரம் முடியும் என்று ஹீட் கன்னை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது 500 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடிய கருவி, பழகாத கைக்கு வேண்டாம். சூடான பகுதியில் தூண்டில் நரம்பையோ பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலையோ மோல்டிங்குக்குப் பின்னால் நுழைத்து, கதவின் பக்கம் சாயாமல், ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல இழுத்துக்கொண்டே வாருங்கள். உலோகக் கம்பி கூடவே கூடாது. நரம்பு திணறினால் பலத்தைக் கூட்டாதீர்கள். சூட்டைத்தான் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

மேலே சொன்னதெல்லாம் தொழிற்சாலைப் பெயிண்டுக்குத்தான். உங்கள் காரைப் பொறுத்தவரை எனக்கு உண்மையில் கவலை தருவது, அந்தக் கதவுகளில் ஏதேனும் பின்னர் பெயிண்ட் அடிக்கப்பட்டதா என்பதே. தொழிற்சாலையில் பெயிண்டைச் சுமார் 140 டிகிரியில் சூளையில் வேகவைக்கிறார்கள். பட்டறையிலோ நல்ல பூத் (பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை) இருந்தாலே 60 டிகிரிதான், பல இடங்களில் அதுவும் கிடையாது. அடியில் இருந்த பழைய பெயிண்டைச் சரியாகத் தேய்க்காமல் அடித்திருந்தால், பசையின் பிடி பெயிண்டின் பிடியைவிட வலுவாக இருக்கும். அப்போது நீங்கள் எவ்வளவு கவனமாக எடுத்தாலும் பெயிண்ட் ஏடு ஏடாக மோல்டிங்கோடு வந்துவிடும். ஆகவே கதவைத் திறந்து ஓரங்களைப் பாருங்கள். ரப்பர் பட்டையில் பெயிண்ட் தூறல் படிந்திருக்கிறதா, மாஸ்கிங் டேப் ஒட்டிய இடத்தில் விரல் நுனிக்குத் தட்டுப்படும் விளிம்பு இருக்கிறதா, பக்கத்துக் கதவில் இல்லாத ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை இரும்புத் தகட்டுக் கதவின் மேல் நகர்த்தும்போது ஓரிடத்தில் மட்டும் பிடி தளர்ந்தால், அங்கே அடியில் பள்ளத்தை நிரப்ப அப்பிய பட்டி (putty) இருக்கிறது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட கதவில் சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி, விரற்கடை விரற்கடையாக முன்னேறுங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. பழைய கார் விற்கும் தரகர்களுக்கு மோல்டிங் என்பது மலிவான முகப்பூச்சு. ஒருமுறை என்னிடம் வந்த காரில் மோல்டிங்கை எடுத்தபோது, கதவின் நீளத்துக்கு உரசிய பள்ளமும் அதன்மேல் அவசரமாக அப்பிய பட்டியும் வெடித்துத் துருவேறிக் கிடந்தன. 'கழற்றியதால்தான் இப்படி ஆனது' என்று சாதித்தார் காரை விற்றவர். எனவே தொடுவதற்கு முன் நான்கு கதவுகளையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

நரம்பு பாதியில் எதிலோ முட்டி நின்றால் அங்கே நாடாவோடு சேர்ந்து மோல்டிங்கைப் பிடித்திருக்கும் கிளிப்பும் இருக்கிறது என்று பொருள், இழுக்காமல் நிறுத்திவிடுங்கள். அந்தக் கிளிப்பை எப்படி விடுவிப்பது என்பது தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். காரை விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்தக் கையேட்டைக் காட்ட ஏன் இத்தனை தயக்கம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விரல் நுனி அளவுள்ள கிளிப் உடைந்தால் முழு மோல்டிங்கையே வாங்கச் சொல்லும் உதிரிபாக விற்பனைக் கவுண்டர்களும் உண்டு.

மோல்டிங் வந்த பிறகு கதவில் எஞ்சும் பசையை, சூடு ஆறுவதற்குள் கட்டைவிரலால் உருட்டினால் பெரும்பகுதி திரண்டு வந்துவிடும். மீதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மென்துணியைச் சற்று நேரம் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். தின்னரால் ஒரே துடைப்பில் போய்விடும் என்பார்கள். பட்டறைப் பெயிண்ட் என்றால் அந்த ஒரே துடைப்பில் பளபளப்பும் போய்விடும்.

கடைசியில் மோல்டிங் இருந்த இடம் புதிதாகவும் சுற்றிலும் வெயிலில் மங்கியும் ஒரு பட்டையாகத் தெரியும். இந்த நேரம் பார்த்துத்தான், பெயிண்டின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சான செராமிக் கோட்டிங் அடித்தால் மறைந்துவிடும் என்று ஒருவர் வந்து நிற்பார். கோட்டிங் எதையும் மறைக்காது. உள்ள நிற வேறுபாட்டை அப்படியே பூட்டி வைக்கும். முதலில் மங்கிய பகுதிக்கு பாலிஷ் போடச் சொல்லி, வெயிலில் நிறுத்திப் பார்த்த பிறகே மற்றதைப் பேசுங்கள்.