கேரளத்தில் சாப்பிட்டு உடல் கெட்டால் நாகர்கோவிலில் இழப்பீடு கேட்க முடியுமா?

பாறசாலைப் பக்கம் ஓர் உணவகத்தில் சாப்பிட்டதால் குடும்பமே வாந்தி பேதியில் விழுந்தது, இழப்பீட்டுக்காகத் திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. நீங்கள் குடியிருப்பது கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆகவே நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. சாப்பாட்டு பில் அதற்குள் அடங்கிவிடும். வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

உணவகத்தைச் சோதனையிடக் கோரும் புகார் மட்டும் கேரள உணவுப் பாதுகாப்புத் துறைக்குத்தான் போக வேண்டும். அதை இன்றைக்கே அனுப்புங்கள். நாள் கடந்தால் மாதிரி எடுக்க அந்த உணவு இருக்காது.

உணவால்தான் நோய் வந்தது என்று காட்ட முடியாவிட்டால் வழக்கு நிற்காது. என் அக்கா குடும்பத்துக்கு இதே கொடுமை நடந்தபோது, "உங்கள் வீட்டுத் தண்ணீரால் வந்திருக்கலாம்" என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிக் கிடந்த குழந்தையின் தாயிடம் அப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது என்று இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த வாதத்தை முறியடித்தவர்கள் இருவர். ஒருவர், அன்று உடன் சாப்பிட்டு, வேறு ஊரில் தன் வீட்டில் படுத்துவிட்ட அக்காவின் தோழி. மற்றவர், அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தும் உணவகத்துக்கு வராததால் நலமாக இருந்த அத்தானின் அம்மா. உங்களுடன் சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் எல்லாரையும் இப்போதே எழுதி வையுங்கள்.

மருத்துவரிடம் எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வெறும் "வயிற்றுப்போக்கு" என்று இருந்தால் பயனில்லை. ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் மலத்தில் கல்ச்சர் பரிசோதனை (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) செய்ய முடியுமா என்று கேளுங்கள். சால்மோனெல்லா என்ற கிருமி 6 மணி நேரத்திலும் தாக்கும், சில நாள் கழித்தும் தாக்கும். அதனால் கடைசியாகச் சாப்பிட்ட இடத்தின் மேல் மட்டும் பழி போடாமல், முந்தைய நாள்களில் உண்டதையும் நேர்மையாகக் குறித்து வையுங்கள். ஆணையத்தில் அந்த நேர்மைக்கு மதிப்பு உண்டு. பில் தொலைந்திருந்தால் யுபிஐ பதிவு போதும்.

தொகை பற்றி: 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை என்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவச் செலவு, வேலை இழப்பு, மன உளைச்சல் ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டுக் கேளுங்கள். 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கும்.

இதற்கிடையே உணவகத்திலிருந்து ஆள் வரலாம். பில் பணத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். சிகிச்சை முடிந்து மொத்தச் செலவு தெரியும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.