குன்னூரில் 10க்கு 10 அறை, நடுவில் உட்கார்ந்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) இல்லை: 8 அங்குல ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கலாமா?

வாங்க வேண்டாம். அதே இடத்தில் உட்கார்ந்தால் 8 அங்குலத்திலும் பேஸ் காணாமல்தான் போகும். உங்களிடம் உள்ள 5 அங்குல ஸ்பீக்கர் ஜோடி அந்த அறைக்குப் போதும்.

காரணம் பெரும்பாலும் சதுர அறைதான். எதிரெதிர்ச் சுவர்கள் 10 அடி தள்ளி இருந்தால் சுமார் 56 ஹெர்ட்ஸில் நிலை அலை (சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி ஒரே இடத்தில் நிற்கும் ஒலி அலை) உருவாகும். சுவரோரம் பெருகும், நடுவில் ஏறக்குறைய அடங்கிவிடும். நீளமும் அகலமும் சமம் என்பதால் இரு திசையிலும் இதே தொல்லை.

பேஸ் கிட்டார் நிறைந்த பாட்டை ஓடவிட்டு மூலைக்கு நடந்து பாருங்கள். அங்கே அதிர்ந்தால் ஸ்பீக்கரில் குறையில்லை. நாற்காலியை முன்சுவரிலிருந்து (ஸ்பீக்கருக்குப் பின்னுள்ள சுவர்) 4 அடிக்குள் நகர்த்துங்கள்.

பிறகு ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்லிழை) பலகை வைப்பதானால் சுவரோடு ஒட்டாதீர்கள். ஐப்பசி மழை ஈரத்தில் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். நான்கு அங்குல இடைவெளி பேஸை உறிஞ்சவும் உதவும்.